ஆற்றைப் படித்தல்

பேராக் மாநிலத்தின் கம்பார் ஆற்றிலும் சபாவின் பாடாஸ் ஆற்றிலும் இரப்பர் மிதவைப் படகில் பயணம் செய்வதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில மணி நேரத்தில் அப்பயணம் முடிந்துவிடும்; மாலையில் வீடு திரும்பிவிடலாம். ஆனால், இரண்டு வாரம் ஆற்றோடு சென்று, இரவில் கரை மணலிலேயே கூடாரமிட்டு உறங்கும் நீண்ட பயணங்களும் உலகில் உண்டு. அவற்றுள் பெயர்பெற்றது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வழியாகக் கொலராடோ ஆற்றில் மேற்கொள்ளப்படும் பயணமாகும்.

ஆற்றின் வழியே அளந்தால் அப்பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 446 கிலோமீட்டர். சில இடங்களில் அதன் ஆழம் 1.6 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. லீஸ் ஃபெரி என்னும் இடத்தில் படகேறியவர் இடையில் மனம் மாறினால் எளிதில் வெளியேற முடியாது. வெளியேறும் பாதைகள் மிகச் சில, அவையும் செங்குத்தானவை. கைப்பேசித் தொடர்பும் அங்கே கிடைப்பதில்லை. எனவே, பயணிகளின் உயிர் பெரும்பாலும் ஒரு திறனை நம்பியே இருக்கிறது. அதுவே ஆற்றைப் படிக்கும் திறன்.

இத்திறனின் அருமையை ஒரு வரலாற்று நிகழ்வு உணர்த்துகிறது. 1869ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், ஜான் வெஸ்லி பவல் என்பவர் ஒன்பது பேருடன் நான்கு மரப்படகுகளில் இந்த ஆற்றை ஆராயப் புறப்பட்டார். போரில் வலக்கையை இழந்தவர் அவர். அப்பகுதிக்கு அன்று சரியான வரைபடம் இல்லை. தொடக்கத்திலேயே ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. ஒருவர் குழுவிலிருந்து விலகினார். எஞ்சிய மாவும் நனைந்து பூசணம் பூத்தது. ஆகஸ்டு 28ஆம் நாள், முன்னே சீறிப் பாய்ந்த விரைநீரைக் கண்ட மூவர், அதில் படகு செலுத்த முடியாது என முடிவுசெய்து, மலையேறி வெளியேறினர். அவர்கள் உயிருடன் திரும்பவே இல்லை. மற்ற அறுவரும் அந்த விரைநீரைக் கடந்து, இரண்டே நாளில் பள்ளத்தாக்கை விட்டு வெளியே வந்தனர்.

அந்த மூவரைக் கோழைகள் என்று கூறுவது நியாயமன்று. மூன்று மாதங்கள் அதே ஆற்றில் போராடியவர்கள் அவர்கள். இன்னும் எத்தனை விரைநீர்ப் பகுதிகள் எஞ்சியுள்ளன என்பது குழுவில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாத ஆற்றின்முன் துணிவும் தடுமாறும். எச்சரிக்கையும் வழி தவறும்.

இன்று வழிகாட்டிகளிடம் வரைபடம் இருக்கிறது. எனினும், அதை மட்டும் நம்பி அவர்கள் படகைச் செலுத்துவதில்லை. ஏன் தெரியுமா? பக்கத்துக் கிளைப் பள்ளத்தாக்குகளில் திடீர் மழை பெய்யும்போது, பெரும் பாறைகளும் சேறும் உருண்டுவந்து ஆற்றில் குவிகின்றன. அதனால் ஆறு குறுகி, வெண்ணுரை பொங்கப் பாய்கிறது. விரைநீர்ப் பகுதிகள் பெரும்பாலும் இவ்வாறே உருவாகின்றன. 1966ஆம் ஆண்டு டிசம்பரில் பெய்த பெருமழைக்குப் பின், 'கிரிஸ்டல்' என்னும் விரைநீர் முன்னிலும் பன்மடங்கு கொடியதாக மாறிவிட்டது. மேலும், ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கிளென் கேன்யன் அணை, மின்சாரத் தேவைக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. ஆகவே, நீர்மட்டம் ஒரே நாளிலும் ஏறி இறங்கும். காலையில் கண்ட பாறை மாலையில் நீருக்குள் மறைந்திருக்கலாம்.

இதனால், பெரிய விரைநீரை நெருங்கும்போது வழிகாட்டி படகைக் கரையில் கட்டிவிட்டு, பாறைமேல் ஏறி ஆற்றைக் கவனிப்பார். நீரோட்டத்தின் திசையை நோக்கிக் கூர்மையாகக் குவியும் வழவழப்பான நீர்ப்பரப்பு, படகு செல்லக்கூடிய வழியைக் காட்டும். கூர்முனை எதிர்த்திசையில் இருந்தால், அங்கே பாறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். மூழ்கிய பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி மடங்கும் இடம் படகையே கவிழ்த்துவிடும். இவற்றைப் பார்த்த பின்னரே அவர் வழியைத் தேர்ந்தெடுப்பார். தேவையானால் நீர்மட்டம் மாறும்வரை காத்திருப்பார். படகிலிருந்து விழுந்தவர் உடனே எழுந்து நிற்க முயலக்கூடாது. பாறை இடுக்கில் கால் சிக்கினால், வேகமாக ஓடும் நீர் அவரை அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். பயணம் தொடங்கும் முன்பே இது கற்பிக்கப்படுகிறது.

முகாமிலும் இப்படிப்பு தொடர்கிறது. இரவில் நீர்மட்டம் எவ்வளவு மாறும் என்பதைக் கணித்தே படகைக் கட்டுகிறார்கள். கூடாரத்தை மேட்டில் அமைக்கிறார்கள். விறகை இரும்புத் தட்டில் எரித்து, சாம்பலைத் தம்முடன் எடுத்துச் செல்கிறார்கள். மனிதக் கழிவையும் மூடிய கலன்களில் பயணத்தின் இறுதிவரை சுமந்து செல்ல வேண்டும். கேட்கும்போது அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால், அந்த வறண்ட நிலத்தில் கழிவு எளிதில் மட்காது. அதே மணற்பரப்பில்தான் நாளை வேறொரு குழு உறங்கப்போகிறது. அந்த மணற்பரப்புகளும் சுருங்கி வருகின்றன. முன்பு ஆறு கொண்டுவந்த மணலின் பெரும்பகுதியை அணை தடுத்துவிட்டதே அதற்குக் காரணம். 1996ஆம் ஆண்டுமுதல் அவ்வப்போது அணையிலிருந்து மிகுதியான நீரைத் திறந்துவிட்டு, ஆற்றின் அடியில் கிடக்கும் மணலைக் கரையேற்ற முயல்கின்றனர்.

'ஆழமறியாமல் காலை விடாதே' என்பது நம் முன்னோர் வாக்கு. காலையே விடாதே என்று அவர்கள் சொல்லவில்லை. ஆழத்தை அறிந்துகொள் என்றே சொன்னார்கள். பாறைமேல் ஏறிநின்று ஆற்றைப் பார்த்துவிட்டு இறங்கிவந்து துடுப்பைப் பிடிக்கும் வழிகாட்டி, அவ்வாக்கின்படியே நடக்கிறார்.

சிந்தித்து விடையளிக்க:

1. 1869ஆம் ஆண்டு குழுவிலிருந்து வெளியேறிய மூவரின் முடிவைப் பற்றி உன் கருத்து என்ன? காரணங்களுடன் எழுதுக.
2. வரைபடம் இருந்தும் வழிகாட்டிகள் கரையில் இறங்கி ஆற்றைக் கவனிப்பது ஏன்?
3. ஆற்றங்கரையில் முகாமிடுவோர் பின்பற்றும் நடைமுறைகளுள், நம் நாட்டு முகாம்களுக்கும் பொருந்துவன யாவை?