ஊரே உரிமையாளர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்)

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த வினாடி வினாப் போட்டியில் எங்கள் அணியிடம் ஒரு வினா கேட்கப்பட்டது. "பங்குதாரர்களுக்கு ஒரு காசும் இலாபம் தராத, பங்கை விற்கவும் விடாத விளையாட்டுக் குழு எது?" முதல் நாற்காலியில் இருந்தவன் நான். பங்கு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் என் தந்தையார் வைத்திருக்கும் பங்குதான். விளையாட்டுக் குழுவுக்கும் பங்கு உண்டு என்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். மணி அடித்துவிட்டார்கள். அந்த ஒரு மதிப்பெண்ணில் எங்களுக்கு வரவேண்டிய இரண்டாம் பரிசு போயிற்று. உடன் இருந்த இரு நண்பர்களும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்திற்று.

விடை, அமெரிக்காவின் 'கிரீன் பே பேக்கர்ஸ்'. தோற்ற வினாவையாவது முழுமையாகத் தெரிந்து கொள்வோம் என்று தேடிப் படித்தேன். படித்தவற்றுள் சுவையானவற்றை நண்பர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. நீள்வட்டமான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளிகள். இவ்வளவு தெரிந்தால் இக்கட்டுரைக்குப் போதும்.

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் ஒரு கிளையில் ஃபாக்ஸ் ஆறு கலக்குமிடத்தில் உள்ள ஊர் கிரீன் பே. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே சுமார் 31,000 பேர்தாம் இருந்தார்கள். அவ்வூர் இளைஞர் கர்லி லாம்போ, நோட்ரடேம் பல்கலைக் கழகத்தில் ஓராண்டு ஆடிவிட்டுத் தொண்டை நோயினால் வீடு திரும்பியவர். படிப்பு நின்றது. இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் இந்தியன் பேக்கிங் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தார். 1919இல் ஜார்ஜ் கல்ஹூன் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து குழு அமைத்தபோது, சீருடைக்காகத் தம் முதலாளியிடம் பணம் கேட்டார். 500 டாலர் கிடைத்தது. குழுவுக்குப் 'பேக்கர்ஸ்' என்று பெயர் வந்தது இப்படித்தான். (பெயரிலுள்ள இந்தியன் நம் நாட்டைக் குறிப்பதன்று, அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிப்பது. முதலில் நானும் ஏமாந்தேன்.) கம்பெனி சில ஆண்டுகளில் மறைந்தது. பெயர் மட்டும் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

1921இல் தேசியச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அப்பருவத்தில் கல்லூரி மாணவர்களைப் பொய்ப் பெயரில் ஆடவிட்டதற்காகப் பின்னர் விலக்கப்பட்டார்கள்! 1922இல் லாம்போ மன்றாடி உரிமையைத் திரும்பப் பெற்றார். அந்த ஆண்டு மழை வந்து வசூலைக் கெடுத்தது. ஒரு ஆட்டத்திற்கு முன்னெச்சரிக்கையாக மழைக் காப்பீடும் செய்திருந்தார்களாம். பெய்த மழை, ஒப்பந்தத்தில் கண்ட அளவுக்கு ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைவு என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது என்பார்கள். மழைமானியில் அளவெடுக்கும் செய்முறை வகுப்பில் 'இரண்டாம் தசமம் எதற்கு ஐயா?' என்று கேட்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

கடன் கழுத்தை நெரித்தபோது ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடினார்கள். செய்தித்தாள் நடத்திய ஆண்ட்ரூ டர்ன்புல் அவர்களுள் முக்கியமானவர். 1923இல் குழுவை இலாப நோக்கற்ற நிறுவனமாக மாற்றி, பங்கு ஒன்று 5 டாலர் வீதம் 1,000 பங்குகளை ஊரில் விற்றார்கள். இலாபப் பங்கீடு கிடையாது. குழுவை என்றேனும் விற்க நேர்ந்தால் பணம் பங்குதாரருக்கு வராது. போர் வீரர் நினைவுச் சின்னம் எழுப்ப உள்ளூர் முன்னாள் படைவீரர் அமைப்புக்குப் போய்விடும். (1997இல் இது அறக்கட்டளைக்கு என மாற்றப்பட்டது.) விற்றால் யாருக்கும் ஆதாயமில்லை என்பதால் விற்கும் ஆசையும் யாருக்கும் வராது. இந்தப் பூட்டை வடிவமைத்தவர்களின் கணக்கறிவு என்னை வியக்க வைக்கிறது.

1929, 1930, 1931 என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து பேக்கர்ஸே வாகை சூடினர். ஆனால் 1931இல் ஒரு பார்வையாளர் இருக்கை வரிசையிலிருந்து விழுந்து அடிபட்டு வழக்குத் தொடுத்தார். 5,000 டாலர் அளவுக்குத் தீர்ப்பு. கொடுக்க வேண்டிய காப்பீட்டு நிறுவனமோ திவாலாகியிருந்தது. (காப்பீட்டு விஷயத்தில் இவர்களுக்கு இராசியே இல்லை.) குழு நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போயிற்று. பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. இருந்தும் 1935இல் ஊர் மக்கள் 15,000 டாலர் திரட்டித் தந்து மீட்டனர்.

1949இல் மீண்டும் முடை. ஆடிய 12 ஆட்டங்களில் வெற்றி இரண்டே. ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே இரு பிரிவாகப் பிரிந்து நன்றி தெரிவிக்கும் நாளன்று பனியில் ஆடி நிதி சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு லாம்போவே குழுவை விட்டுப் போய்விட்டார். அப்போதும் மக்கள் 25 டாலர் பங்குகளை வாங்கி 1,18,000 டாலர் கொடுத்தார்கள்.

அக்காலச் சிற்றூர்க் குழுக்கள் என்னவாயின என்று பார்த்தால்தான் இதன் அருமை புரியும். டிகேட்டர் ஊர்க் குழு 1921இலேயே சிகாகோவுக்குப் பெயர்ந்தது. அதுவே இன்றைய பேர்ஸ். போர்ட்ஸ்மவுத் குழு 1934இல் டெட்ராயிட்டுக்குப் போயிற்று. மற்றும் பல கலைந்தே போயின. உரிமையாளர் ஒருவர் இருந்தால் பெரிய நகரத்தைப் பார்த்துக் கிளம்பிவிடுவார். கிரீன் பேயில் கிளம்புவதற்கு ஆளே இல்லை.

எனினும் மக்கள் அன்பு ஒன்றே காரணம் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். 1961இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால், குழுக்கள் எல்லாம் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை விற்க வழி பிறந்தது. வரும் தொகையை நியூயார்க்குக்கும் கிரீன் பேக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். இது இல்லாமல் இன்றைய செலவுக்குச் சிற்றூர் தாங்காது. மற்றக் குழுக்களின் கணக்கு வெளியே தெரியாது. பேக்கர்ஸ் மட்டும் பங்குதாரருக்கு ஆண்டறிக்கை வெளியிட வேண்டியிருப்பதால், அந்தப் பங்கு ஒரு குழுவுக்கு 40 கோடி டாலரைக் கடந்ததை 2024இல் எல்லோரும் அறிய முடிந்தது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் விளையாட்டு ஆர்வலர்கள் கோபிப்பார்கள். 1958இல் ஒரே வெற்றி, 10 தோல்வி, ஒரு சமன். 1959இல் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தார். 1961, 1962, 1965, 1966, 1967 ஆகிய ஐந்தாண்டுகளில் வாகை. முதலிரண்டு 'சூப்பர் பவுல்' ஆட்டங்களும் இவர்களுக்கே. 1967 டிசம்பர் 31 அன்று டல்லஸ் அணியுடன் ஆடியபோது வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே சுமார் 25 டிகிரி செல்சியஸ். தரைக்கடியில் பதித்த மின்கம்பிகள் பயன்படவில்லை, திடல் உறைந்தது. நடுவரின் ஊதல் உதட்டில் ஒட்டிக் கொள்ளவே, பிறகு வாயால் கத்தித்தான் ஆட்டத்தை நடத்தினார்கள். கடைசி 16 நொடிகள் இருக்கையில் பார்ட் ஸ்டார் தாமே பந்துடன் கோட்டுக்குள் பாய்ந்தார். 21-17. ஐம்பதாயிரம் பேர் அக்குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். லொம்பார்டி 1970இல் மறைந்தபின் வாகைக் கோப்பைக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டுப் பருவத்தில் பெற்றது இவர்களின் 13ஆம் வாகை. வேறெந்தக் குழுவும் இத்தனை பெற்றதில்லை.

1997, 2011, 2021 ஆகிய ஆண்டுகளிலும் பங்குகள் விற்பனைக்கு வந்தன. கடைசி முறை விலை 300 டாலர். இப்போது பங்குதாரர் 5,38,000க்கும் மேல். பங்குகள் சுமார் 52 இலட்சம். எவரும் 2 இலட்சத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அதாவது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. ஒரு பங்கு வாங்கியவரின் வாக்கு 52 இலட்சத்தில் ஒன்று. இதை 'வெறுங் காகிதம்' என்று கேலி செய்பவர்கள் உண்டு. கணக்குப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் 1923இல் 5 டாலர் கொடுத்தவரிடம் அதே கணக்கைக் காட்டியிருந்தால் அந்த ஊரில் இன்று ஆட்டமே இருந்திராது.

விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது, தறியில் இருந்த அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வட்டி இல்ல, இலாபம் இல்ல, விக்கவும் முடியாது. ஆட்டம் பாக்கவாவது சும்மா விடுவாங்களா?"

"இல்லப்பா. அதுக்குத் தனியா சீட்டு வாங்கணும். பருவச் சீட்டுக்கு ஒரு இலட்சத்து நாப்பதாயிரம் பேருக்கு மேல பேர் குடுத்துட்டுக் காத்திருக்காங்க. பொறந்த குழந்தை பேரைக்கூட எழுதி வெக்கிறாங்களாம்."

"பங்கு வெச்சிருந்தாலும் வரிசையிலதான் நிக்கணுமா?"

"ஆமாப்பா."

"அது சரிதான்" என்றார் அப்பா. எது சரி என்று நான் கேட்குமுன் நாடா ஓடத் தொடங்கிவிட்டது.