உப்புக் கிண்ணம்

முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். இத்தனை பிள்ளைக்கு இத்தனை கிலோ அரிசி, இவ்வளவு பருப்பு என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்வேன். அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரே சாம்பாரில் மூன்று தடவை உப்புப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். அதே மாதம் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, ஸ்ரீரங்கத்துக்கு எந்த பஸ் என்று திகைத்தேன். பிறந்ததிலிருந்து நான் ஏறி இறங்கிய ஒன்றாம் நம்பர் பஸ் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

“வயசானா மறதி வரத்தான் செய்யும்” என்றார்கள். மகள்தான் விடவில்லை. நரம்பியல் டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முதலில் பி12, தைராய்டு பார்த்தார்கள். அவை குறைந்தாலும் மறதி வருமாம், மருந்தில் சரியாகிவிடுமாம். எனக்கு அது இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு, அல்சைமர், ஆரம்ப நிலை என்றார்.

புதிதாகக் கேட்பதைப் பதியவைக்கும் பகுதியைத்தான் இந்த நோய் முதலில் பிடிக்கிறது என்று அவர் விளக்கினார். எனக்கு அது பெரிய ஆறுதல். 1990-ல் என் மையத்தில் சாப்பிட்ட பிள்ளைகள் பெயர் வரிசையாக வருகிறது. காலையில் மாத்திரை போட்டேனா என்பது மட்டும் நிற்பதில்லை. ஆகவே நினைவை நம்புவதை விட்டேன். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி வீட்டை மாற்றினேன்.

சமையலுக்கு முன்பே அன்றைய உப்பைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து அடுப்பருகே வைத்துவிடுவேன். கிண்ணம் காலியானால் உப்புப் போட்டாயிற்று. ஜாடி மேல் பரணுக்குப் போய்விட்டது. மாத்திரைக்கு ஏழு அறை உள்ள டப்பா, கணக்கு அதேதான். வீட்டுச் சாவியை கேஸ் சிலிண்டருக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். ரெகுலேட்டரைப் பார்க்காமல் வெளியே போக முடியாது.

தினசரி காலண்டர் மட்டும் ஏமாற்றியது. ஒருநாள் இரண்டு தடவை தாளைக் கிழித்து, புதன்கிழமையை வியாழன் என்று நம்பி விரதம் இருந்தேன். இப்போது தாளைக் கிழிப்பது என் வீட்டுக்காரர் வேலை.

டொனெபெசில் மாத்திரை சாப்பிடுகிறேன். நோயைப் போக்காது, தொந்தரவைக் கொஞ்சம் தணிக்கும். ராத்திரி போட்டபோது கனவாக வந்து படுத்தியது. டாக்டரிடம் சொன்னதும் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். எந்தச் சங்கடமானாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தெளிவாக இருக்கும்போதே உயில் எழுதிப் பதிவு செய்தேன். பேங்க் கணக்கில் என் வீட்டுக்காரரையும் சேர்த்தேன். 2017-ஆம் வருஷ மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, பின்னாளில் எனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், என் சார்பில் யார் பேச வேண்டும் என்றும் எழுதி வைக்கலாம். மகள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. அன்பு மிகுதியில் கையிலிருக்கும் வேலையைப் பிடுங்காதீர்கள். “நீ உட்காரும்மா, நான் பாத்துக்கறேன்” என்று மகள் ஒரு வாரம் கரண்டியை வாங்கிக்கொண்டாள். அந்த வாரம்தான் நான் நோயாளி ஆனேன். ரசம் வைக்க எனக்கு இன்னும் தெரியும். நேரம் ஆகும், அவ்வளவுதான். கேட்டதையே திரும்பக் கேட்டால் “இப்பதானே சொன்னேன்” என்று சொல்ல வேண்டாம். எனக்கு அது முதல் தடவை. பதிலை இன்னொரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

ஆறு மாதம் உறவுக்காரர்களிடம் மறைத்தேன். கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டேன். அது தவறு. சொன்ன பிறகுதான் தெருவே எனக்குத் துணையானது. பூக்காரம்மா நான் நீட்டும் பர்ஸிலிருந்து சரியாக எடுத்துக்கொண்டு, எடுத்ததைக் காட்டுகிறாள்.

ஆனால் வருகிறவர்கள் பலர் எதிரே வந்து நின்று, “நான் யாருன்னு தெரியுதா?” என்று சிரித்தபடி கேட்கிறார்கள். பாசத்தில்தான் கேட்கிறார்கள். எனக்கு நெஞ்சு படபடத்து, தெரிந்த முகம்கூட விலகிப்போகிறது. தயவுசெய்து யாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். “அக்கா, பக்கத்துத் தெரு செல்வி வந்திருக்கேன்” என்று பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வாருங்கள்.