செய்தியின் தரம் காணல்: கார்டன் ரீச் தரும் பாடம்

கொல்கத்தாவின் தென்மேற்குப் பகுதியில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது கார்டன் ரீச். இன்று இப்பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது கப்பல் கட்டும் தளமே. 1884இல் தொடங்கப்பட்ட அத்தளத்தை மத்திய அரசு 1960இல் ஏற்றுக்கொண்டது. ஆனால், செய்தி எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு திரிகிறது, அதனை நம்பி எடுக்கப்படும் முடிவு யாரைப் பாதிக்கிறது என்பனவற்றை அறிய விரும்பும் மாணவருக்கும் அலுவலருக்கும் இப்பகுதியின் பழைய வரலாறும் பயன் தருவதாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனி அவத் நாட்டைத் தன் ஆட்சியுடன் இணைத்துக்கொண்டபோது அதன் மன்னராக இருந்தவர் வாஜித் அலி ஷா. 1856ஆம் ஆண்டு மே மாதம் கல்கத்தா வந்து சேர்ந்த அவர், 1887இல் இறக்கும் வரை தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கார்டன் ரீச்சைச் சேர்ந்த மட்டியாபுர்ஜில் கழித்தார். அவருடைய நாடு பறிபோனதற்கு அறிக்கைகள் ஆதாரமாகக் காட்டப்பட்டன. பின்னர் அவர் சிறைப்பட்டது, நகரெங்கும் வதந்தி பரவிய நாளுக்கு மறுநாள். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் செய்தியின் மூலத்தை ஆராயும் முறைக்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன.

அறிக்கைகள் பல, சாட்சி ஒன்று

வாஜித் அலி ஷா 1847இல் அரியணை ஏறினார். 1849இல் லக்னோவில் கம்பெனியின் ரெசிடென்டாகப் பொறுப்பேற்ற வில்லியம் ஸ்லீமன், அவ்வாண்டு இறுதியில் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதங்கள் நாடு முழுவதும் சுற்றுப்பயணம் செய்தார். வழியெங்கும் மக்கள் குறைகளைச் சொல்லி மனுக்கள் கொடுத்தனர். வரி வசூலிப்போரின் கொடுமை, பெருநிலக்கிழாரின் கோட்டைகள், பாழடைந்த ஊர்கள் ஆகியவற்றை அவர் தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதினார். அது முதலில் குறைந்த படிகளே அச்சிடப்பட்டு, 1858இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது.

1854ஆம் ஆண்டு இறுதியில் ஸ்லீமனின் இடத்துக்கு ஜேம்ஸ் அவுட்ரம் வந்தார். நாட்டின் நிலைமை குறித்து அறிக்கை தருமாறு கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அவரைக் கேட்டுக்கொண்டார். சில மாதங்களுக்குள், 1855ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், அவர் அறிக்கை அனுப்பினார். அந்நாட்டில் தமக்கு நேரடி அனுபவம் இல்லை என்பதையும், ரெசிடென்சியின் பழைய பதிவேடுகளையும் தம் முன்னோருக்குத் தகவல் தந்த வழிகளையுமே தாம் சார்ந்திருந்ததையும் அவரே அதில் ஒப்புக்கொண்டிருந்தார். 1856ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அவத் இணைக்கப்பட்டது. இது தொடர்பான ஆவணங்கள் தொகுக்கப்பட்டு, நீலப் புத்தகம் என்ற பெயரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன.

ஸ்லீமன் கூறுகிறார், அவுட்ரம் கூறுகிறார், நீலப் புத்தகம் கூறுகிறது என்று எண்ணிய வாசகருக்கு மூன்று சான்றுகள் ஒத்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் இரண்டாவது சான்று முதலாவதைச் சார்ந்தது. மூன்றாவது இரண்டையும் தொகுத்தது. அடிப்படையில் இருந்தவை ஒரே அலுவலகத்தின் பதிவேடுகள்.

ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் இந்த ஆபத்தை நன்கு உணர்ந்து பேசியுள்ளார். ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரை ஆளவேண்டும் என்றும், அம்மூவர் சொல்லும் ஒத்திருந்தால் நம்பலாம் என்றும் அவர் அறிவுறுத்துகிறார். இங்கு மூவர் என்ற எண்ணிக்கையைவிட, ஒருவரையொருவர் அறியாமை என்ற நிபந்தனையே முதன்மையானது. ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தியைப் பத்து நாளேடுகள் வெளியிட்டால் அது பத்துச் சான்றுகள் ஆகாது. ஒரே தகவல் ஆயிரம் கைபேசிகளில் வந்து சேர்ந்தாலும் அவ்வாறே.

பழைய செய்தி, புதிய பயன்

இணைப்புக்கு முந்திய 1855ஆம் ஆண்டில், கீழ்த்திசை மன்னர் ஒருவரின் அந்தரங்க வாழ்க்கையைக் கூறும் ஆங்கில நூல் ஒன்று இலண்டனில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. வில்லியம் நைட்டன் எழுதிய அந்நூல் அவத் அரசவையின் களியாட்டங்களை வருணித்தது. ஆனால் அதில் இடம்பெற்ற மன்னர் நசீருத்தீன் ஹைதர், 1837இலேயே இறந்தவர். 1855இல் அவத் பற்றிய கருத்தை உருவாக்கிக்கொள்ள முயன்ற இலண்டன் வாசகரின் கைக்கு, குறைந்தது 18 ஆண்டுகளுக்கு முந்திய செய்தியே கிடைத்தது. செய்தி பொய்யாக இல்லாவிடினும், அதன் காலம் மறைந்தால் அது தவறான முடிவுக்கு வழிகாட்டும். பழைய வெள்ளத்தின் படம் புதிய வெள்ளத்தின் படமாகப் பரவும்போது இன்றும் இதுவே நிகழ்கிறது.

செய்தி எழுதுவோரின் ஊதியம்

அவத் அரசுக்கும் தனியே செய்தி அமைப்பு ஒன்று இருந்தது. அக்பார் நவீஸ் எனப்பட்ட செய்தி எழுத்தர்கள் மாவட்டங்களிலும் படைப்பிரிவுகளிலும் அமர்த்தப்பட்டு, நடப்பனவற்றை அரசவைக்கு எழுதி அனுப்பினர். ஸ்லீமனின் குறிப்பின்படி அவர்களின் எண்ணிக்கை 660. ஒருவருக்குக் கிடைத்த மாத ஊதியமோ சராசரியாக 4 ரூபாய்க்கும் 5 ரூபாய்க்கும் இடைப்பட்டது. எனவே குற்றம் புரிந்த அதிகாரியிடமும் நிலக்கிழாரிடமும் கையூட்டுப் பெற்று, செய்தியை மறைப்பதும் மாற்றுவதும் வழக்கமாயிற்று என அவர் எழுதுகிறார்.

பொருளியல் நோக்கில் இது கருதத்தக்கது. செய்தியைப் பெறுபவர் உரிய விலை தராவிடில், செய்தியால் பாதிக்கப்படக்கூடியவர் அந்த விலையைத் தந்துவிடுகிறார். செய்தி வடிவில் வெளியிடப்படும் கட்டண விளம்பரம் இதன் இன்றைய உருவமாகும். ஏட்டின் உரிமையாளர் யார் என்பதை வாசகர் அறிய வேண்டும் என்ற கருத்தினாலேயே, 1956ஆம் ஆண்டின் செய்தித்தாள் பதிவு விதிகள் உரிமை விவரங்களை ஆண்டுதோறும் ஏட்டிலேயே வெளியிடச் செய்தன. அந்த அறிவிப்பைப் படித்துப் பார்க்கும் வாசகர் சிலரே.

சார்புடைய மூலத்தைத் தள்ளிவிடலாமா?

ஸ்லீமன் கம்பெனியின் அலுவலர். ஆகவே அவர் எழுதியவை அனைத்தும் பொய் என ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது சரியன்று. அவர் கண்டெழுதிய குடிமக்களின் துயரம் கற்பனை எனக் கூறுவதற்கில்லை. அதே சமயம், அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் குறையுடையவர்களே. குறையற்றவர் மனு எழுதுவதில்லை. மனுக்களைக் கொண்டு துன்பம் இருந்ததென்று அறியலாம். எத்தனை பேருக்கு என்று அளவிட இயலாது.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அவத் அரசின் சீர்கேட்டைக் கடுமையாகச் சாடிய ஸ்லீமன், இணைப்பை ஆதரிக்கவில்லை. நிருவாகத்தை மேற்பார்வையில் கொண்டு மக்களுக்கு நன்மை செய்யலாம். நாட்டையும் வருவாயையும் கவர்ந்துகொண்டால் சிப்பாய்களிடையே கிளர்ச்சி எழக்கூடும் என்பது அவர் கருத்து. இணைப்பை நியாயப்படுத்த அவருடைய வருணனைகள் எடுத்தாளப்பட்டன, எச்சரிக்கை கைவிடப்பட்டது. 1857இல் அவத் பெருங்கிளர்ச்சியின் நடுக்களமாயிற்று. ஒருவர் தம் தரப்பின் நலனுக்கு ஏற்பச் சொல்வதைச் சரிபார்த்து ஏற்கவேண்டும். அந்நலனுக்கு மாறாகச் சொல்வதைக் கூடுதல் கவனத்துடன் கேட்கவேண்டும்.

மறு தரப்புக்கும் இவ்விதி பொருந்தும். வாஜித் அலி ஷாவின் சார்பில் குற்றச்சாட்டுகளுக்கு மறுப்பு வெளியிடப்பட்டது. 1857இல் இலண்டனில் வெளிவந்த நூலொன்று இணைப்பைக் கொள்ளை என்றே வருணித்தது. இவையும் வழக்காடுவோரின் வாதங்களே. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்திகளை முதலில் பிரித்தெடுத்து, மாறுபடும் இடங்களில் மட்டும் வேறு சான்று தேடுவது நன்று.

அச்ச ஞாயிறு

1857ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் கானிங் பிரபுவின் அரசு அச்சகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாரக்பூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கல்கத்தா நோக்கி வருகின்றனர் என்றும், கார்டன் ரீச்சிலுள்ள மன்னரின் ஆட்கள் அவர்களுடன் சேர்ந்துகொள்வர் என்றும் வதந்தி பரவியது. ஐரோப்பியர் பலர் வீடுகளை விட்டுக் கோட்டைக்கும் ஆற்றில் நின்ற கப்பல்களுக்கும் ஓடினர். உண்மையில் அன்று பாரக்பூர்ச் சிப்பாய்களின் ஆயுதங்கள் களையப்பட்டன. தாக்குதல் எதுவும் நிகழவில்லை.

ஆயினும், சதியில் தொடர்பு உண்டென்ற ஐயத்தின்பேரில் 15ஆம் நாள் காலை வாஜித் அலி ஷா கார்டன் ரீச்சில் கைது செய்யப்பட்டு வில்லியம் கோட்டையில் வைக்கப்பட்டார். 1859ஆம் ஆண்டு ஜூலை மாதம் வரை அவர் விடுவிக்கப்படவில்லை; வழக்கு விசாரணையும் நடைபெறவில்லை. சரிபார்க்கப்பட்ட செய்திக்கு வழி குறையும்போது, அதன் இடத்தை வதந்தி பிடித்துக்கொள்கிறது என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டுகின்றன.

எதிர்பாராத இடத்திலிருந்து வந்த உண்மை

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அதே கல்கத்தாவில் நடந்தது. 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் மக்கள் பசியால் மடிந்தபோது, அரசு பஞ்சம் என முறைப்படி அறிவிக்கவில்லை. போர்க்காலத் தணிக்கையும் நடைமுறையில் இருந்தது. ஆங்கிலேயருக்கு உரிமையான 'ஸ்டேட்ஸ்மன்' நாளேடு, அயன் ஸ்டீபன்ஸ் ஆசிரியராக இருந்தபோது, ஆகஸ்டு 22ஆம் நாள் கல்கத்தாத் தெருக்களில் பட்டினியால் வாடியோரின் புகைப்படங்களை வெளியிட்டது. அப்படங்கள் டெல்லியையும் இலண்டனையும் உலுக்கின. அக்டோபரில் வைசிராயாகப் பதவியேற்ற வேவல் கல்கத்தா வந்து, நிவாரணப் பணியில் இராணுவத்தை ஈடுபடுத்தினார். அதற்குள் பெருந்தொகையான உயிர்கள் போய்விட்டன. 1945இல் விசாரணைக் குழு தந்த மதிப்பீடு ஏறத்தாழ 15 லட்சம்; பிற்கால ஆய்வுகள் சில 30 லட்சம் வரை கூறுகின்றன. உரிமையாளரை மட்டும் வைத்து அந்த ஏட்டை ஒதுக்கியிருந்தவர் இந்த உண்மையை இழந்திருப்பார்.

வாசகர் கேட்க வேண்டிய வினாக்கள்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளிலிருந்து ஐந்து வினாக்களைத் தொகுத்துக் கொள்ளலாம்.

1. செய்தி தருபவர் நேரில் கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, பதிவேட்டைப் படித்தாரா?

2. வேறு மூலங்கள் அதை உறுதிப்படுத்துகின்றனவா? அவை தனித்தனியே அறிந்தவையா, ஒன்றையொன்று பார்த்து எழுதியவையா?

3. நிகழ்ச்சி எந்த நாளில், எந்த இடத்தில் நடந்தது?

4. செய்தி தருபவருக்குப் பணம் தருபவர் யார்? அச்செய்தியால் யாருக்கு நன்மை?

5. தம் தரப்புக்குப் பாதகமான உண்மையை அம்மூலம் எப்போதேனும் வெளியிட்டதுண்டா? தவறு நேர்ந்தபோது திருத்தம் வெளியிட்டதா?

எந்த ஏடும் எல்லாப் பொருளிலும் நம்பத்தக்கது என்றோ, எப்பொருளிலும் நம்பத்தகாதது என்றோ முத்திரையிடுவது இவ்வினாக்களுக்கு விடையாகாது. விலைவாசி பற்றிச் சரியாக எழுதும் ஏடு தேர்தல் பற்றிச் சார்புடன் எழுதலாம். ஆகவே ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே எடைபோட வேண்டும். குறிப்பாக, கோப்பில் கண்ட அறிக்கையின் அடிப்படையில் ஆணை பிறப்பிக்கும் அலுவலர், அவ்வறிக்கை முந்திய அறிக்கையின் படியா, புதிதாக விசாரித்து எழுதியதா என்பதை முதலில் பார்த்தல் நலம். அதனால் முடிவெடுக்கச் சில நாட்கள் கூடுதலாக ஆகலாம். விசாரணையின்றி ஒருவர் ஈராண்டுக்கு மேல் கோட்டையில் அடைபட்டிருந்ததை எண்ணினால் அத்தாமதம் பெரிதன்று.