பெங்களூரில் வைத்த பல், தருமபுரியில் வழக்கு

கேள்வி: வக்கீல் ஐயா, சிறுவயது முதலே எனக்குக் காவிப் பல். விழுந்த பற்களுக்குப் பதிலாகப் பெங்களூரில் ஒரு கிளினிக்கில் இரண்டு இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டேன். ‘வாழ்நாள் கேரண்டி’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். 80,000 ரூபாயில் பாதி ரொக்கம், அதற்கு ரசீது இல்லை. மீதி அவர்களே பிடித்துக் கொடுத்த ஃபைனான்ஸில் இஎம்ஐ. எட்டாம் மாதம் ஒன்று ஆடிக் கழன்றுவிட்டது. ‘பணம் திரும்பத் தரப்படாது, வழக்கு பெங்களூரில் மட்டுமே என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்’ என்கிறார்கள். இஎம்ஐயை நிறுத்திவிடலாமா?
– வாசகர், பென்னாகரம் வட்டம்

பதில்: வழக்கை எங்கே போடுவது என்பதில் தயக்கம் வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தரலாம். சட்டம் தந்த உரிமையைக் கிளினிக் அச்சடித்த படிவம் பறித்துவிடாது. ‘தகராறு வந்தால் நடுவரிடம்தான் போக வேண்டும்’ என்ற ஒப்பந்த வாசகம்கூட நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்று எமார் எம்ஜிஎஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. பல் மருத்துவர்களும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது 1995-ஆம் ஆண்டு வி.பி.சாந்தா வழக்கிலேயே முடிவாகிவிட்டது. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘கழன்றுவிட்டது, எனவே டாக்டர் கவனக்குறைவு’ என்று எழுதினால் அநேகமாகத் தோற்பீர்கள். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் முடுக்கப்படும் டைட்டானியம் ஸ்க்ரூ. அதோடு எலும்பு ஒட்டி வளர மாதக்கணக்காகும். கைதேர்ந்தவர் வைத்தாலும் சிலருக்கு ஒட்டாமல் போகும். சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மருத்துவர்களுக்கு இது நியாயமான பாதுகாப்புதான். ஆனால் ஒட்டாமலும் போகலாம் என்று தெரிந்தவர்கள் ‘வாழ்நாள் கேரண்டி’ என்று ஏன் விற்றார்கள்? உங்கள் வழக்கின் உயிர் இந்தக் கேள்விதான். தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்கிறது 2(11)-ஆம் பிரிவு. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை விளக்கிய பிறகு பெறுவதே உண்மையான ஒப்புதல் என்பது 2008-இல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பு. கழற்றி மாட்டும் பல் செட்டோ, பிரிட்ஜோ போதுமா என்று உங்களிடம் பேசினார்களா? பேசவில்லை என்றால் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

‘தருமபுரித் தண்ணீரில் ஃப்ளோரைடு, உங்கள் எலும்பே அப்படி’ என்று அவர்கள் வாதிடக்கூடும். இந்த மாவட்டத்துத் தண்ணீரின் குறை ஊரறிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான் ஜப்பான் கடனுதவியோடு வந்தது. ஃப்ளோரைடு பாதிப்பின் அடையாளமான காவிப் பல்லோடு வந்தவரிடம் சொந்த ஊரைக் கேட்டு, எலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகல்லவா ஸ்க்ரூவைத் தொட்டிருக்க வேண்டும்? இந்த வாதத்தை அவர்கள் எவ்வளவு அழுத்திச் சொல்கிறார்களோ அவ்வளவுக்கு அது உங்களுக்கே சாதகம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: புகைபிடித்தல், சர்க்கரை நோய் பற்றி அவர்கள் கேட்டு நீங்கள் மறைத்திருந்தால் இந்த வாதம் உங்கள் மேலேயே திரும்பும்.

ரசீது தராததும் 2(47)-ஆம் பிரிவின்படி முறையற்ற வணிகம். ஆனாலும் பணம் கொடுத்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். வங்கியில் பணம் எடுத்த பதிவும் கடன் ஒப்பந்தமும் அந்த வாட்ஸ்அப் செய்தியும் சேர்ந்தால் போதிய ஆதாரம். போனை மாற்றிவிடாதீர்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, இம்ப்ளாண்டின் கம்பெனி பெயரும் லாட் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஆகியவற்றின் நகலைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். கம்பெனி தரும் கேரண்டி பெரும்பாலும் ஸ்க்ரூவுக்கு மட்டுமே என்பதும் அப்போது வெளிவரும். வேறொரு டாக்டர் அதே இடத்தில் கை வைப்பதற்கு முன், ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் கருத்து கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் சொல்லப்பட்டாலும், கையில் இருந்தால் பலம். பிறகு நோட்டீஸ், பிறகு புகார். காலக்கெடு இரண்டு ஆண்டு. சமரசப் பேச்சு நடக்கிறது என்று அதைக் கடந்துவிடாதீர்கள்.

இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவரோடு உங்களுக்கு உள்ளது தனி ஒப்பந்தம். நிறுத்தினால் சிபில் மதிப்பெண் கெடும், வசூல் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள், கிளினிக்குக்கு எந்த நஷ்டமும் இல்லை. கட்டிக்கொண்டே வந்து, வட்டியையும் நஷ்டக் கணக்கில் சேர்த்துக் கேளுங்கள்.