பிழை விழுந்த பின்னும் வாசித்தார்



பியானோ பயிலும் பெண்கள் மேடையேறுமுன் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சிஸ்டர், நடுவில் தப்பு வந்துவிட்டால்?" இந்த அச்சம் சிறுமியரை மட்டும் பிடிப்பதன்று.

விளாடிமிர் ஹோரோவிட்ஸ் என்னும் பியானோ மேதை, அன்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த உக்ரேனில் 1903-இல் பிறந்தவர். விரல் வேகத்தில் அவருக்கு நிகராக அக்காலத்தில் மிகச் சிலரையே சொல்லலாம். அப்படிப்பட்டவர் 1953-இல் மேடையை விட்டே விலகிவிட்டார். உடல் நலிவும் ஓயாத பயணமும் ஒருபுறம், மேடையச்சம் மறுபுறம். பன்னிரண்டு ஆண்டுகள் பொதுமக்கள் முன் அவர் வாசிக்கவில்லை. இசைத்தட்டுகளுக்கு மட்டும் வாசித்தார். அதில் ஒரு வசதி உண்டு. பிழைபட்ட இடத்தை மறுபடி வாசித்து, ஒலிநாடாவை வெட்டி ஒட்டிவிடலாம். நாம் வீட்டில் கேட்டு ஏங்கும் குற்றமற்ற வாசிப்புகளில் பல இப்படி ஒட்டப்பட்டவையே!

1965 மே 9 அன்று நியூயார்க் கார்னகி மண்டபத்தில் அவர் மீண்டும் அமர்ந்தார். அதற்கு முன் நுழைவுச்சீட்டுக்காக மக்கள் இரவெல்லாம் வீதியில் காத்து நின்றபோது, அவர் மனைவி வாண்டா அவர்களுக்குக் காப்பி தருவித்துக் கொடுத்தாராம். நிகழ்ச்சியின் முதல் உருப்படி, பாக் ஆர்கனுக்காக இயற்றி, புசோனி பியானோவுக்கு மாற்றியமைத்தது. தொடங்கியவுடனே தவறான சுரங்கள் விழுந்தன. அவர் நிறுத்தவில்லை, முதலிலிருந்து தொடங்கவுமில்லை. நிகழ்ச்சி முழுவதையும் வாசித்து முடித்தார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்நிகழ்ச்சியின் இசைத்தட்டு சில இடங்கள் திருத்தப்பட்டே முதலில் வெளிவந்தது. திருத்தாத பதிவு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 2003-இல் வெளிவந்தது. எனக்கு இரண்டாவதே பிடிக்கும். அதில் ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டே மகிழ்ச்சிக்குள் நுழைவது கேட்கிறது.

நம் சிற்றாலயத்துக்கு வருவோம். திருப்பலியில் ஆர்மோனியம் வாசிப்பவள் ஒரு கட்டை தவறியதும் நின்று திருத்தினால், பாடுகிறவர் அத்தனை பேரும் தடுமாறுவார்கள். தாளம் விடாமல் போனால் பலருக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பயிற்சி வேறு, பிறர்க்காக வாசிப்பது வேறு. பயிற்சியில் நிறுத்துங்கள், ஒவ்வொரு கையாக மெதுவாக வாசியுங்கள், வேண்டிய மட்டும் திருத்துங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பாட்டியையோ தம்பியையோ எதிரில் உட்கார வைத்து, எது நேர்ந்தாலும் நிற்காமல் கடைசிவரை வாசித்துக் காட்டுங்கள். முடிந்ததும், எந்த இடம் வாசிக்க இனித்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். தவறிய இடத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். (பெற்றோரும் அன்று ஒருநாள் திருத்தம் சொல்லாமலிருக்க வேண்டுகிறேன்.)

வரும் நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாளின் திருநாள். அன்று மாலை இசையறையில், விரும்புகிறவர்கள் ஆளுக்கொரு பாடல் வாசிக்கலாம். மதிப்பெண் கிடையாது, பரிசும் கிடையாது. பெயர் கொடுக்க விரும்புவோர் என்னிடம் வாருங்கள்.