இசைத்தட்டும் பாடபேதமும்

ஏட்டுச் சுவடியொன்றைப் பார்த்து மற்றோர் ஏட்டிற் பெயர்த்தெழுதுவோன், தானறியாமலே நூலாசிரியனுக்குத் துணையாசிரியனாகி விடுகின்றான். ஓரெழுத்தை விடுவான், ஒன்றை மாற்றுவான், பொருள் விளங்காதவிடத்துத் தனக்கு விளங்கியதொன்றைப் பெய்து வைப்பான். சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிய பொழுது, சுவடிகளைத் தேடியலைந்த பாட்டினும் அவற்றை ஒப்புநோக்கித் தெளிந்த பாடு சிறிதன்று. தமிழ் சிறப்பு வகுப்பில் இதனை நாம் நாடோறும் கேட்டு வருகின்றோம். ஏட்டுக்கு நேர்ந்தது பாட்டுக்கும் நேர்ந்துளது என்பதையோ பலர் கருதிப் பார்ப்பதில்லை. நூறாண்டுக்கு முன் அரக்குத் தட்டிற் பதிந்த பாடல் நீள்தட்டாய், ஒலிநாடாவாய், குறுந்தட்டாய்ப் பலகாற் பெயர்த்தெழுதப்பட்டே நம் செவிக்கு வருகின்றது. இப்பெயர்ப்புக்களிலும் பாடபேதம் உண்டு. அதனை ஆராயுமாறு எவ்வாறு என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இத்துறையில் உலகிற் பெயர்பெற்றோர் ஜப்பானியர். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் என்னும் இசையை அவர்கள் போற்றுந் திறம் வியப்பிற்குரியது. வெளிநாட்டுத் தட்டுக்கள் விலைமிக்கிருந்த நாளில், ஒரு கோப்பைக் காப்பிக்கு விலை கொடுத்து மணிக்கணக்காக அமர்ந்து தட்டுக் கேட்டற்கென்றே ‘ஜாஸ் கிஸ்ஸா’ என்னும் கடைகள் அங்கே எழுந்தன. யோகோஹாமா நகரத்துச் ‘சிகூஸா’ 1933இல் தோன்றியது. குறுந்தட்டு முதன்முதல் விலைக்கு வந்ததும் அந்நாட்டிலேதான், 1982 அக்டோபர் முதல் நாளில். அன்று தொட்டு ஒரே இசைத்தொகுதியை அவர்கள் மீட்டும் மீட்டும் பதித்து வருகின்றனர். பழைய நீள்தட்டின் உறையைக் கையடக்கமாகச் சுருக்கி அட்டையிற் செய்து, ‘ஓபி’ என்னும் தாட்பட்டியொன்றை அதன்மேற் சுற்றுவர். ஓபி என்பது அந்நாட்டு மகளிர் இடையிற் கட்டுங் கச்சையின் பெயர். அப்பட்டி கிழிந்த பிரதிக்கு விலை குறைவாம்! இஃது ஒருவகைப் பித்து என நகைப்பாரும் உளர். ஆயினும் அப்பித்தரிற் பலர், ஒரே பாட்டின் ஐந்தாறு பதிப்புக்களை வரிசையாக வைத்துக் கேட்டு வேறுபாடு குறித்து வருதலின், உலகம் அறியாத பிழைகள் வெளிப்பட்டன. நம் நாட்டில் அத்தகைய பித்தர் போதாமையே குறை.

திருவள்ளூரிலிருந்து வரும் புறநகர் வண்டியும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் வண்டியும் இரு வேறு திசையினின்று வந்து சென்னையிற் பெரும்பாலும் ஒரே நிலையத்தில் நிற்கின்றன. அந்நிலையத்திற்கு மூர்மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1900ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மூர்மார்க்கெட்டு 1985 மே 30ஆம் நாள் தீக்கிரையாயிற்று. அவ்விடத்திலேதான் இந்நிலையம் எழுந்துளது. பழம்புத்தகமும் பழந்தட்டும் குவிந்துகிடந்த அங்காடியின் தரைமேல் நம்மவர் நாடோறும் காலையில் இறங்கி நடக்கின்றனர். அங்காடி போயிற்று, தட்டுக்கள் முற்றும் போகவில்லை. ஊர்ப்புறத்து வீடுகளிற் பரண்மேற் கிடப்பன இன்னும் உள. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புருக்கும் ஆலைகள் பல. பழைய இரும்பு லாரி லாரியாக வந்து இறங்குகின்றது. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன் பெட்டியின் இரும்பும் பித்தளையும் காயலான் கடையில் விலைபோம். உடனிருந்த அரக்குத் தட்டுக்கு அங்கே விலையில்லை, குப்பைக்குச் செல்லும்.

இத்தட்டின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். மரக்கிளைகளிற் பற்றி வாழும் அரக்குப் பூச்சிகள் ஈனும் அரக்கோடு கற்பொடி முதலியன சேர்த்துக் கரி கலந்து அழுத்திச் செய்வது அது. கற்பொடியின் அரத்தால் எஃகூசியின் முனை தேய்ந்து வரைக்குள் அமையும். அதனாலேயே பக்கத்திற்கு ஓரூசி மாற்றுக என்றனர். பழந்தட்டில் ‘இஸ்’ என்று இரையும் ஒலிக்கும் அக்கற்பொடியே பெரிதும் காரணம். பாடகர் பெருங்குழலொன்றன் வாய்க்கு நேரே நின்று உரக்கப் பாட, அவ்வதிர்ச்சியே ஊசியைத் தள்ளி மெழுகில் வரை கீறியது. ஒலிவாங்கியும் மின்சாரமும் இத்தொழிலுக்கு வந்தது 1925ஆம் ஆண்டளவிலேதான். இந்தியாவில் முதற்பதிவு 1902 நவம்பரிற் கல்கத்தாவில் நிகழ்ந்தது. பிரெட் கெய்ஸ்பர்க் என்பார் கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிந்து மெழுகுத் தட்டுக்களைக் கப்பலேற்ற, ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அவை அச்சாயின. எந்தத் தட்டு யாருடையது என்று அந்நாட்டார் அறியும்பொருட்டுப் பாட்டின் இறுதியிற் பாடினவரே தம் பெயரைக் கூறுதல் வழக்கமாயிற்று. ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயர் நிற்பதை இது நினைப்பூட்டுகின்றது. கல்கத்தாவில் தட்டு அச்சிடுந் தொழிற்சாலை ஏற்பட்டது 1908இல்.

இனிப் பாடபேதங்களுட் பெரியதைக் கூறுவாம். அது சுழற்சியின் விரைவு பற்றியது. நிமிடத்திற்கு 78 சுற்று என்னும் அளவு தொடக்கத்தில் நிலைபெற்றதன்று. முற்காலத் தட்டுக்களில் 70 சுற்றில் எடுத்தனவும் உண்டு. 80ஐக் கடந்தனவும் உண்டு. மறுபதிப்பிடுவோர் இதனைக் கருதாமல் எல்லாவற்றையும் 78இலேயே ஓட்டிவிடின் விளைவது யாது? ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு தானமாக வகுக்குங்கால் அடுத்தடுத்த இரு தானங்களின் விகிதம் ஏறக்குறைய 1.06 ஆகும். 78ஐ 1.06ஆல் வகுத்தால் 73.6 வரும். எனவே 73.6 சுற்றில் எடுத்த தட்டை 78இல் ஓட்டினால் ஒரு கட்டையிற் பாடியவர் ஒன்றரைக் கட்டையிற் பாடியவராவர். நாலரைச் சுற்றுக்கும் குறைந்த வேற்றுமை செய்யும் வேலை இது! சுருதிகளை எண்ணாற் கணக்கிட்டுக் காட்டிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதரவர்களின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்ததன்றோ? அவ்வளவு நுட்பமாக எண்ணும் மரபினராகிய நாம், அரைக்கட்டை பிழைபட்ட பிரதியைக் கேட்டு, ‘அந்நாளையர் எவ்வளவு மேற்சுருதியிற் பாடினர்’ என்று வியத்தல் தகுமா?

எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அவர் எந்தப் பேசும்படத்திலும் தோன்றினாரில்லை. அவர் குரலுக்குத் தட்டேயன்றி வேறு சான்றில்லை. அவர் சுருதி இதுவென அறுதியிட விழைவோன், எப்பிரதியை, எத்தனை சுற்றில் ஓட்டிக் கேட்டான் என்பதை முதலிற் கூறல் வேண்டும்.

வேறொரு நாடகப் பாட்டின் இரு மறுபதிப்புக்களை நாம் ஒப்பிட்டுக் கேட்டோம். ஒன்று ஒலிநாடாவிலிருந்து வந்தது, மற்றொன்று குறுந்தட்டு. ஒன்று 3 நிமிடம் 4 விநாடியில் முடிந்தது. மற்றது முடிய 3 நிமிடம் 15 விநாடியாயிற்று. பாட்டில் ஒரு சொல்லும் குறையவில்லை. 195ஐ 184ஆல் வகுக்க 1.06 வருதலின், வேற்றுமை சரியாக அரைக்கட்டை. பக்கவாத்தியமாக ஆர்மோனியம் ஒலிக்கின்றமையின் அதன் கட்டைகளோடு பொருத்திப் பார்த்துத் தீர்ப்புக் கூறலாம் என முதலில் எண்ணினோம். அஃது ஈண்டு உதவாது. வேற்றுமை ஒரு முழுத்தானமாக இருத்தலின் இரண்டுமே கட்டையொடு பொருந்தும். இடைப்பட்ட பிழையையே ஆர்மோனியம் காட்டிக்கொடுக்கும். முடிவில் எம்மைத் தெளிவித்தது பாட்டன்று, பேச்சு. இறுதியில் ஒரு வசனம் வருகின்றது. விரைந்த பிரதியில் அது சிறுவர் பேச்சுப்போல் நெருங்கி ஒலிக்க, மெதுவான பிரதியில் முதிர்ந்த ஆடவர் குரலாய் இயல்பாக நின்றது. கமகத்தின் அசைவும் விரைந்த பிரதியில் நடுக்கமாகி விட்டது. ஆதலின் மெதுவானதையே மூலத்திற்கு அணித்தெனக் கொண்டோம்.

பழைய பிரதியே மெய்ப்பிரதி என்பார் கூற்றும் எப்பொழுதும் நில்லாது. மைல்ஸ் டேவிஸ் என்பாரின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னும் ஜாஸ் தொகுதி 1959ஆம் ஆண்டு நியூயார்க்கிற் பதியப்பட்டது. முதல்நாட் பதிவின் பொழுது ஒலிநாடாப் பொறி சற்றே மெதுவாக ஓடியது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான விரைவில் ஓட்டவே முதற்பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி ஏறி ஒலித்தன. தட்டோடு கூடவே வாசித்துப் பழகிய மாணாக்கர் தம் வாத்தியம் பொருந்தாமை கண்டு மயங்கினர். துணையாக ஓடிய மற்றொரு பொறியின் நாடா சரியாக இருந்தது; அதனைக்கொண்டு 1992இல் வந்த மறுபதிப்பிலேதான் பிழை நீங்கிற்று. முப்பத்து மூன்றாண்டு வழங்கிய முதற்பதிப்புப் பிழை. பிந்திய பதிப்புச் சரி. வேதாகமக் கைப்பிரதிகளை ஆராய்வோரும் இதனையே கூறுவர்: காலத்தாற் பிந்தியது ஆயினும், நல்ல மூலத்தினின்று பெயர்த்ததாயின் அதனைத் தள்ளலாகாது. முதலச்சு என்றவுடன் பொன்னை அள்ளிக் கொடுக்குஞ் செல்வர் இதனைச் சிந்திப்பாராக.

ஊசியாலும் பேதம் உண்டு. 78 தட்டின் வரை நீள்தட்டின் வரையினும் மூன்று மடங்களவு அகன்றது. நீள்தட்டின் ஊசியை அதிலிட்டால் அது வரையின் அடியிற் கிடந்து தூசியையே பாடும். மேலும் 1954ஐ ஒட்டி வந்த பொதுவிதிக்கு முன்னர்க் கனத்த ஒலியையும் நுண்ணொலியையும் குறைத்தும் கூட்டியும் பதியும் முறை கம்பெனிதோறும் வேறாயிருந்தது. இக்காலப் பெருக்கியிற் பழந்தட்டை அப்படியே இட்டுப் பெயர்த்தால் நுண்ணொலி மழுங்கும்.

இவற்றினும் நமக்கு வருத்தந் தருவது, இரைச்சல் நீக்கம் என்னும் பெயரால் நடப்பது. கணினி கொண்டு இரைச்சலைத் துடைத்தல் இன்று எளிது. துடைக்குங் கருவிக்கோ இரைச்சலும் இசையும் வேறென்று தெரியாது. மெல்லியது எதுவோ அதனை அழிக்கும். 1938இல் மறைந்த வீணை தனம்மாள் மிக மெல்ல வாசித்தவர். அவர் வாழ்நாளின் பிற்பகுதியிற் பதிந்த தட்டுக்கள் உள. மீட்டிய பின் நரம்பு மெல்லத் தேய்ந்து செல்லும் அவ்வொலியிலேதான் கமகத்தின் உயிர் நிற்கின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகளை அவர் சாத்தனூர்ப் பஞ்சு ஐயர் வழியாகப் பெற்றவர். தீட்சிதர் முதலிற் பாடியது நம் மாவட்டத்துத் திருத்தணிகையில் என்பது கர்ணபரம்பரை. வாயினின்று வாய்க்கு வந்த அத்தகைய மரபில் ஓர் இழை நமக்குச் செவியாற் கேட்குமாறு கிடைத்திருக்க, அந்த இழையின் நுனியைத் துடைத்தெறிந்து விட்டுத் ‘தூய ஒலி’ என்று உறைமேல் அச்சிடுதல், செல்லரித்த ஏட்டின் ஓரத்தை அழகுக்காக நறுக்குவதை ஒக்கும். இரைச்சலோடு கூடிய பிரதியையே நாம் விரும்புகின்றோம். சில நிமிடத்திற் செவி பழகிவிடும். இழந்த நாதமோ எத்துணைப் பழகினும் வாராது.

பக்கங்களை இணைத்தலும் அவ்வாறே. பத்தங்குலத் தட்டிற் பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று மேலேயே இடமுண்டு. இரு பக்கத்து ஆலாபனையை ஒன்றாக ஒட்டிக் காட்டுவோர், முதற்பக்கத்தின் முடிவில் வித்துவான் வேண்டுமென்றே ராகத்தை நிறுத்திய இடத்தை மறைத்து விடுகின்றனர். மூன்று நிமிடத்திற்குள் ஒரு ராகத்தைத் தோற்றுவித்து முடித்த அவர்தந் திறம் அதனால் தோன்றாமற் போகின்றது.

ஒப்பிடுமாறு பற்றி ஒன்று. இரு பிரதிகளுள் சிறிதே உரக்க ஒலிப்பது நம் செவிக்குச் சிறந்ததாகத் தோன்றும். மறுபதிப்பிடுவோர் இதனை நன்கறிவர். ஆதலின் ஒலியளவைச் சமமாக்கிக் கொண்டு, எது எப்பிரதி என்பதைக் கேட்போன் அறியாதவாறு வேறொருவரை ஓட்டச் செய்து கேட்டல் நன்று. 2008ஐ ஒட்டி ஜப்பானில் உயர்ந்த பிளாஸ்டிக்கிற் செய்த குறுந்தட்டுக்கள் பல பெயரோடு வெளிவந்தன. குறுந்தட்டில் உள்ளது விநாடிக்கு 44,100 முறை அளந்தெழுதிய எண்களே. எண் மாறாதாயின் தட்டின் பொருள் உயர்வதால் இசை உயரும் என்பதை நம்புதற்கில்லை. புதிய தட்டு நன்கு ஒலித்தால், நல்ல நாடாவினின்று கவனத்தோடு பெயர்த்தமையே காரணமாகும். பனையோலை உயர்ந்ததாயினும் பெயர்த்தெழுதியவன் பிழைபட்டால் என் செய்வது?

தட்டொன்று கைக்கு வந்தால் அதனைச் சாய்த்து வையாது நிமிர்த்தி வைக்க. சாராயங் கலந்த நீரால் துடைத்தால் அரக்குக் கரையும். தூய நீரும் மெல்லிய துணியுமே போதும், நடுவிலுள்ள தாளில் நீர் படலாகாது. அத்தாளுக்கும் வரைக்கும் இடையே அரக்கிற் சிற்றெண் ஒன்று பொறித்திருக்கும். அது பதிவின் எண். தாளிலுள்ள விற்பனை எண் மாறினும் இது பெரும்பாலும் மாறாது. பெயர்த்தெழுதும் பொழுது அவ்வெண்ணையும், ஓட்டிய சுற்றையும், இட்ட ஊசியின் அளவையும், கருவியால் எதனையேனும் நீக்கியிருப்பின் அதனையும் உறையின் பின்புறத்தில் எழுதி வைக்க. துடைக்காத முதற்பிரதி ஒன்றை எப்பொழுதும் வேறாகக் காக்க.