மனச்சுமையும் மூளை–கணினி இடைமுகமும்

உடலியக்கம் முற்றும் இழந்தோர் மூளையின் மின்னலைகளைக் கொண்டே தம் கருத்தை எழுத வழிசெய்வது மூளை–கணினி இடைமுகம். ஃபார்வெல், டோன்சின் என்னும் ஆய்வாளர்கள் 1988ஆம் ஆண்டில் இத்தகைய எழுத்துப்பலகை ஒன்றை வெளியிட்டனர். அதில் ஆறு நிரைகளும் ஆறு நிரல்களுமாக அமைந்த 36 கட்டங்கள் மாறிமாறி ஒளிரும். பயனர் விரும்பும் எழுத்து ஒளிர்ந்த ஏறத்தாழ 300 மில்லிவினாடிகளில் அவர் மூளையில் ஒரு நேர்மின் அலை எழும். தலையில் பொருத்திய மின்முனைகள்வழி அதனை அறிந்து, கணினி அவ்வெழுத்தைத் தெரிவு செய்யும்.

இவ்வலை கவனத்தின் விளைவாகும், கவனமோ அளவுடையது. அருகில் நிகழும் உரையாடலுக்குச் செவிசாய்த்தாலும், மனத்துள் வேறொரு கணக்கிட்டாலும் அது பங்கிடப்படுகிறது. அதனால் அலையின் உயரம் குறைகிறது, பிற மின்னலைகளிலிருந்து அதனைப் பிரித்தறிதல் அரிதாகிறது, எழுத்துகள் பிழைபடுகின்றன. பிழையைத் திருத்தும் முயற்சியும் புதியதொரு சுமையாகிறது. பன்முறை ஒளிரச்செய்து சராசரி கண்டால் பிழை குறையும்; ஆனால், எழுதும் வேகமும் குறையும்.

அமைதியான ஆய்வுக்கூடத்தில் பெற்ற வெற்றி, ஆரவாரம் மிக்க இல்லத்திலும் கிட்டும் எனக் கருதலாகாது. பேச இயலாத ஒருவரின் சொல் பிழைபடும்போது, அவர்தம் அறிவை ஐயுறாது, அவர் மனம் சுமக்கும் பாரத்தை அளந்தறிதலே முறையாகும்.